பெரட்டுக் களத்திலிருந்து புலனம் வரை: பெற்றோருக்குப் பள்ளி அனுப்பும் செய்தியின் கதை



வெள்ளிக்கிழமை மத்தியானம் எந்தத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் பையைத் திறந்தாலும் நாலாக மடித்த ஒரு தாள் கிடைக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டம் இன்ன தேதி; போட்டி விளையாட்டுக்கு இல்லச் சட்டை போட்டு வரணும்; பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை கூட்டுப்பணி, விளக்குமாறும் மண்வெட்டியும் கொண்டு வாங்க. இப்போது பல பள்ளிகளில் தாளுக்குப் பதிலாக இது புலனத்தில் வருகிறது. அனுப்புகிற நமக்கு இது ஒரு வேலை, வாங்குகிற பெற்றோருக்கு இன்னொரு வேலை. வரலாறு என்று யாரும் இதை எடுத்து வைப்பதில்லை.

எடுத்து வைக்கணும் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்ல நெகிரி செம்பிலானை வைத்தே பேசுகிறேன்.

தெமியாங் சிரம்பான் நகரோடு ஒட்டிக் கிடக்கும் பகுதி. அது ஒரு வகை மூங்கிலின் மலாய்ப் பெயர். இன்று அதே பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதியும் இருக்கிறது. அங்கிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய தோட்டத்தின் பெயர் எதிரே வரும். சாலைப் பலகையில் வரும், கோயில் பலகையில் வரும், பள்ளிப் பலகையில் கட்டாயம் வரும். தோட்டம் எங்கே என்று கேட்டால்தான் காட்ட ஆள் இருக்காது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் நடத்தும் எனக்கு இது வகுப்பிலேயே தெரிகிறது. முதலாம் படிவ மாணவர்களிடம் "உங்க தாத்தா பாட்டி எந்தத் தோட்டம்?" என்று கேட்டால் பாதிப் பேர் விழிக்கிறார்கள். "எந்தத் தமிழ்ப்பள்ளியில படிச்சீங்க?" என்றால் பதில் உடனே வருகிறது. அந்தப் பதிலுக்குள்ளேயே ஒரு தோட்டத்தின் பெயர் உட்கார்ந்திருக்கிறது.

நம் நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தை 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். 2016-இல் இருநூறாண்டு விழாவும் கொண்டாடினோம். ஆனால் தோட்டத்துப் பள்ளியின் கதை அங்கிருந்து நேராக வரவில்லை. அது ரப்பரோடு வந்தது. கூட்டு மலாய் மாநிலங்கள் நான்கில் நெகிரி செம்பிலானும் ஒன்று. அந்த மாநிலங்களுக்கு 1912-இல் வந்த தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் ஒரு தோட்டத்தில் இருந்தால் நிர்வாகம் அங்கே ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்றது. பிள்ளைகள் மேல் வந்த பாசம் அல்ல இது. குடும்பத்தோடு ஆள் வந்து தோட்டத்திலேயே நிலைக்க வேண்டும். அதற்குப் பள்ளியும் ஒரு வசதி. ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை, கோயில், பள்ளிக்கூடம் என்று அந்த வரிசையில் அதுவும் ஒன்று.

பள்ளி என்றால் பெரும்பாலும் ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் ஒரே அறையில். சில தோட்டங்களில் வாத்தியார்கூடத் தனியாகக் கிடையாது. நாலெழுத்து தெரிந்த கங்காணியோ கிராணியோ அந்த வேலையையும் பார்த்தார். பாடப்புத்தகம் சென்னையிலிருந்து கப்பலில் வந்தது. காவிரியையும் வைகையையும் படித்த பிள்ளைக்குப் பக்கத்தில் ஓடிய லிங்கி ஆற்றின் பெயர் புத்தகத்தில் இல்லை. பள்ளி விட்ட பிறகு பல பிள்ளைகள் புல் வெட்டவோ, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவோ போனார்கள்.

இந்தப் பள்ளி பெற்றோருக்கு எப்படிச் சேதி சொன்னது? தாள் கிடையாது. தாளுக்குத் தேவையும் இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு எல்லாரும் வந்து நிற்பார்கள். பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அந்த இடத்தில் துரையின் உத்தரவு முதல் கோயில் திருவிழா வரை எல்லாச் செய்தியும் வாய் வழியாக இறங்கிவிடும். மிச்சத்தை வாத்தியார் சாயங்காலம் லயத்துப் பக்கம் நடந்து போய்ச் சொல்லுவார். "ஒங்க புள்ள மூணு நாளா வரல, என்னா சங்கதி?" என்று வாசலில் நின்று கேட்கிற தூரத்தில்தான் ஒவ்வொரு வீடும் இருந்தது.

அந்த வாத்தியார் சேதி சொல்கிறவர் மட்டுமல்ல, சேதி படிக்கிறவரும் அவர்தான். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனும் 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும் தோட்டத்துக்கு ஒன்றிரண்டு பிரதிதான் வரும். ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஊருக்குப் போகிற கடிதம், பணவிடைத் தாள், கல்யாணப் பத்திரிகை, துரைக்குப் போகிற மனு எல்லாம் வாத்தியார் கைப்பட எழுதியவை. எத்தனையோ தோட்டங்களில் கோயில் கணக்கும் அவரிடம்தான் இருந்தது. தமிழாசிரியர் என்றால் விழாவுக்கு வரவேற்புரை எழுதித் தருகிறவர் என்று இன்றும் ஒரு நினைப்பு நம் ஊரில் இருக்கிறதே, அதன் வேர் அங்கே இருக்கிறது. சில நாள் அலுப்பாகத்தான் இருக்கும். வேர் தெரிந்தால் அலுப்பு கொஞ்சம் குறையும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பெரட்டுக் களத்துச் செய்தி மேலிருந்து கீழே மட்டும் ஓடியது. பள்ளியைப் பற்றிப் பெற்றோரின் கருத்தைக் கேட்க அங்கே வழியே கிடையாது. தோட்டத்து ஒற்றுமையை நினைத்து ஏங்குகிற கட்டுரைகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

போர் வந்தது. ஜப்பானியர் காலத்தில் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப அப்பன் இல்லாத வீடுகள் எத்தனை என்று எந்தப் பதிவேடும் சொல்லாது.

பெற்றோர் பள்ளிக்கு விருந்தாளியாக வர ஆரம்பித்தது போருக்குப் பிறகு என்பது என் கணிப்பு. அதற்கு முன்பும் கோயில் திருவிழா இருந்தது, கூத்து இருந்தது. ஆனால் பிள்ளைகள் மேடையில் நிற்க, பெற்றோர் கீழே உட்கார்ந்து பார்க்கிற நிகழ்ச்சி வேறு மாதிரியானது. அதற்குப் பெரிய தள்ளு கொடுத்தவர் தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி. 1952-இல் அவர் தொடங்கி வைத்த தமிழர் திருநாள் சிங்கப்பூரோடு நிற்காமல் மலாயா முழுவதும் பரவியது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பாட்டு, நாடகம் என்று பொங்கலை ஒட்டி நடந்த அந்த விழாவுக்கு ஆள் சேர்த்தது தமிழ்ப்பள்ளிகள். அதே காலத்தில் தமிழ் முரசு மாணவர்களுக்கென மாணவர் மணிமன்றம் என்ற பகுதியை நடத்தியது. எங்கோ ஒரு தோட்டத்துப் பிள்ளை எழுதியது அச்சில் வந்தால், அந்தப் பத்திரிகை லயம் முழுக்கக் கை மாறும்.

அது எந்தக் காலம் என்று கவனியுங்கள். 1948-இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. தோட்டத்து லயங்களை ஒன்றாகச் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். பல இடங்களில் இருட்டினால் ஊரடங்கு. நெகிரி செம்பிலானும் அதற்கு விலக்கல்ல. ராத்திரி நாலு பேர் கூடி நிற்கவே யோசிக்க வேண்டிய நாளில், பிள்ளைகளின் பேச்சுப் போட்டிக்குக் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்தார்கள். காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டதும் கையைக் கட்டி நின்ற அதே அப்பா, பள்ளி மேடையில் தன் மகள் பேரைக் கூப்பிட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்று பரிசளிப்பு விழாவில் கைத்தட்டல் கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறதென்றால் எனக்கு இது ஞாபகம் வரும்.

1956-இன் ரசாக் அறிக்கையும் அடுத்த ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளியை நாட்டின் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. பாடத்திட்டம் உள்நாட்டுக்கு வந்தது. ஆனால் நிலம் வரவில்லை. தோட்ட நிலத்தில் நின்ற பள்ளிகளுக்கு அரசு சம்பளம் கொடுத்தது, கட்டடத்துக்கு முழுப் பொறுப்பு எடுக்கவில்லை. பகுதி உதவி பெறும் பள்ளி என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கிற சங்கதி இதுதான். கூரை ஒழுகினால் யார் கட்டுவது? பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்ற அமைப்பு நம் பள்ளிகளில் இவ்வளவு ஆழமாக ஊன்றியதற்கு இந்த ஒழுகல் ஒரு காரணம். 1996 கல்விச் சட்டத்துக்குப் பிறகு 1998-இல் இந்தச் சங்கங்களுக்கு முறையான விதிகள் வந்தன. வேலை அதற்கு வெகு முன்பே நடந்துகொண்டிருந்தது. கூட்டுப்பணி, நன்கொடைச் சீட்டு, உணவுச் சந்தை எல்லாம் நமக்குப் பொழுதுபோக்காக வந்தவை அல்ல. தகரமும் சிமெண்டும் வாங்க வந்தவை.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டார்கள். துண்டானதும் முதலில் நின்று போனவை மருந்தகமும் பள்ளியும். துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளிகளிடம் பங்கு சேர்த்து, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியது இந்தச் சூழலில்தான். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. சீட்டு கிடைக்காத பலர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று அந்த எண்ணிக்கை 530-ஐத் தொடவில்லை. மூடப்பட்டவை எல்லாமே இழப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இருபது பிள்ளைகளும் ஒரே அறையுமாக இருந்த மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒரு நல்ல பள்ளியானதும் உண்டு. ஆனால் மூடிய பள்ளியின் பதிவேடுகள் எங்கே போயின என்று கேட்டால் பதில் அரிதாகவே கிடைக்கிறது.

அடுத்த அடி 1980களிலும் 90களிலும். சிரம்பானைச் சுற்றி ரப்பர் நின்ற நிலத்தில் செனவாங் தொழிற்பேட்டையும் தாமான்களும் வந்தன. 1998-இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தது. நீலாய்ப் பக்கம் நில விலை ஏறியது. லயத்தில் இருந்தவர்கள் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். ஒரு லயத்து நாற்பது குடும்பம் பத்துத் தாமான்களில். பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. கோயில் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். அந்த நாற்பது குடும்பத்துக்கும் பொதுவாக மிஞ்சியது ஒன்றுதான்: பிள்ளைகளை வேனில் ஏற்றி அனுப்புகிற அந்தப் பழைய தோட்டத்துப் பள்ளி.

பையில் வரும் தாளுக்கு உயிர் வந்தது இப்போதுதான். லயம் இருந்தவரை பள்ளி சொல்லாவிட்டாலும் சேதி பரவும். லயம் போன பிறகு அந்தத் தாள்தான் லயம். போட்டி விளையாட்டு நாளில் கூடாரத்துக்கு அடியில் நடக்கிறதைப் பாருங்கள்: பிள்ளை ஓடுவதைப் பார்க்க வந்த அப்பாக்கள் சேர்ந்து வேலை செய்த பழைய கூட்டாளிகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள். "நீ அஞ்சாம் நம்பர் லயத்து ஆளு மகன்தானே?" என்று ஒரு குரல் கேட்கும். நிகழ்ச்சி நிரலில் இல்லாத நிகழ்ச்சி அது.

நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் என்று கணக்கு. சிரம்பான் நகரத்துக்குள்ளேயே லோரோங் ஜாவா, லோபாக் சாலை, கான்வென்ட் பள்ளிகள் இருக்கின்றன. மாநிலப் பட்டியலை எடுத்துப் படித்தால் பெயருக்குப் பெயர் 'லாடாங்' என்று வரும்: லின்சம், கொம்போக், பிராட்வால், சுவா பெத்தோங். தோட்டம் போன பிறகும் பள்ளி அந்தப் பெயரைச் சுமக்கிறது. பெயரை மாற்றினால் நகரத்துப் பெற்றோர் பிள்ளையைச் சேர்ப்பார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். மாற்றட்டும், தவறில்லை. ஆனால் அதற்கு முன் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, எத்தனை லயம் இருந்தது, கோயில் எந்தப் பக்கம் என்று ரெண்டு பக்கம் எழுதி வைத்துவிட்டு மாற்றட்டும்.

இனி அந்தத் தாளையே கையில் எடுப்போம். ஒரு பள்ளியின் முப்பது வருசத்துக் கடிதங்கள் கிடைத்தால் என்னென்ன தெரியும்? கூட்டம் கூடிய நேரம் தெரியும். மரம் சீவுகிறவர்களுக்கு மத்தியானத்தோடு வேலை முடியும், சாயங்காலம் கூட்டம் வைக்கலாம். ஃபேக்டரி ஷிப்ட் வந்த பிறகு கூட்டம் சனிக்கிழமைக் காலைக்கு நகர்ந்தது. என்ன கேட்டார்கள் என்பதில் பள்ளிக்கு எது இல்லை என்று தெரியும்: ஒரு காலத்தில் மண்வெட்டி, பிறகு மின்விசிறிக்கு நன்கொடை, பிறகு கணினி. யாரை அழைத்தார்கள் என்பதும் தெரியும். 'பெண்களுக்குக் கோலப் போட்டி, ஆண்களுக்குக் கயிறு இழுத்தல்' என்று வருசா வருசம் ஒரே வரி வந்தால் அதுவும் ஒரு சான்றுதான். அம்மாக்களைக் கயிறு பிடிக்கச் சொன்ன முதல் ஆண்டு எது என்று தேட எனக்கு ஆசை.

ஆனால் பெரும்பாலான கடிதங்களில் ஆண்டு இருக்காது. 'வரும் சனிக்கிழமை' என்றிருக்கும், கையெழுத்து இருக்கும், எந்த வருசத்துச் சனிக்கிழமை என்று யாருக்குத் தெரியும்? 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் தாளும் போய்விட்டது. எல்லாம் புலனத்துக்கு மாறியது. இதில் லாபம் உண்டு. பெற்றோர் திருப்பிக் கேட்கலாம். பெரட்டுக் காலத்தில் இல்லாத வசதி அது. நட்டமும் உண்டு. போன் மாறினால் ஐந்து வருசச் செய்தி போகும். பிள்ளையை வளர்க்கிற பாட்டி அந்தக் குழுவில் இருக்கமாட்டார். கட்டைவிரல் படம் போட்ட எண்பது பேரில் இருபது பேர்தான் மண்டபத்துக்கு வருவார்கள்.

நாம் அனுப்புகிற செய்திகளில் மிகக் கனமானது முதலாம் ஆண்டுப் பதிவு பற்றியது. 150 பிள்ளைகளுக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. நம் பள்ளிகளில் நிறைய அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைவார், ஆசிரியர் குறைந்தால் அடுத்த வருசம் பிள்ளை இன்னும் குறையும். அந்த அழைப்பிலும் ஒரு வரி இருக்கும்: 'பிறப்புச் சான்றிதழோடு வரவும்.' சான்றிதழ் இல்லாத வீட்டுக்கு அந்த வரி ஒரு கதவடைப்பு. தோட்டத்தில் பிறந்து, பதியாமல் விட்டு, அடையாள அட்டை இல்லாமலே பிள்ளை பெற்ற குடும்பங்கள் இந்த நாட்டில் உண்டு. 2011 பிப்ரவரியில் மைடஃப்தார் என்று அரசே ஒரு பதிவு இயக்கம் நடத்தியது அதனால்தான். 'சான்றிதழ் இல்லையென்றாலும் வந்து எங்களைப் பாருங்கள்' என்று இன்னொரு வரி சேர்க்க மை அதிகம் செலவாகாது. அன்று லயத்து வாசலில் நின்று "என்னா சங்கதி?" என்று கேட்ட வாத்தியார் செய்த வேலையை இன்று அந்த ஒரு வரி செய்யலாம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்புகிற ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு பிரதியை, புலனத்தில் அனுப்புவதென்றால் அச்செடுத்து, ஒரு கோப்பில் போடுங்கள். கீழே இன்ன தேதி, இன்ன ஆண்டு, எத்தனை பேர் வந்தார்கள் என்று பென்சிலால் எழுதினால் போதும். இடைநிலைப்பள்ளித் தோழர்கள் இதைக் கட்டுரைப் பயிற்சியாக்கலாம். மாணவர் தாம் படித்த தமிழ்ப்பள்ளியின் ஒரு பழைய கடிதத்தையோ விழா மலரையோ தேடிக் கொண்டுவந்து, அதில் வரும் மூன்று பெயர்ச்சொற்களைப் பற்றி வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். 'லயம்', 'ஆயாக்கொட்டகை', 'பெரட்டு' என்று சொல்லாக வந்து கதையாக விரியும். பெயரும் அடையாள எண்ணும் இருந்தால் மறைத்துவிடச் சொல்லுங்கள்.

குடும்ப நாளுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன். வேண்டியவர்கள் மாற்றி எடுத்துக்கொள்ளலாம்:

"பெற்றோருக்கு வணக்கம். நம் பள்ளியின் குடும்ப நாள் சனிக்கிழமை (தேதி, மாதம், ஆண்டு) காலை 8 மணிக்குப் பள்ளித் திடலில். ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் 10 மணிக்கு வந்தாலும் சரி, பசியாறல் எடுத்து வைத்திருப்போம். கயிறு இழுத்தலில் அம்மாக்கள் அணி, அப்பாக்கள் அணி இரண்டும் உண்டு. தாத்தா பாட்டிக்குத் தனிக் கூடாரம் போடுகிறோம். கட்டாயம் கூட்டி வாருங்கள். தோட்டத்தில் எடுத்த பழைய படம் வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள், அங்கேயே நகல் எடுத்துக்கொண்டு உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடுவோம். வண்டி வசதி இல்லாதவர்கள் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்."